பதினொரு சுற்றுப் பின்னால்

பிறைக் கரையில்,
டோலுக்கு முந்நூறு மீட்டர் இப்பால்,
இழுவை லாரியை நிறுத்தியிருக்கிறேன்.
யாருக்காவது ஏதாவது ஆக வேண்டும்.
ஆனால்தான் எனக்குச் சோறு.
இதை வாய்விட்டுச் சொல்லாதே என்பாள் தவமலர்.

ஜனவரி. ஞாயிறு விடிகாலை இரண்டு நாற்பது.
டேடோனாவில் இன்னும் சனிக்கிழமை வெயில்.
ஸ்டியரிங்கில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய கைப்பேசிக்குள்
ஐம்பது சொச்சம் கார்கள் சீறிக் கிளம்பின.
என் வண்டி எழுபத்தொன்று.
விளம்பரம் ஒட்ட ஆள் கிடைக்காத ஆரஞ்சு வண்டி.
பின்பக்கம் ஒரு பல் மருத்துவமனையின் பெயர் மட்டும்;
முதலாளி பல் டாக்டராம்,
பல்லைப் பிடுங்கிச் சக்கரம் வாங்குகிறார்.

இருபத்து நான்கு மணி நேரம்.
அதற்குள் நான் இழுத்தவை மூன்று:
கொதித்துப்போன சாகா,
பெட்ரோல் தீர்ந்ததை ஒப்புக்கொள்ளாத ஒரு வழக்கறிஞர்,
மீன் வேன் —
பத்து காவான் போய்ச் சேரும்வரை
பிடரிக்குப் பின்னால் கடல்.
பத்தொன்பதாம் மணியில் எழுபத்தொன்றின் கியர்பெட்டி உடைந்தது.

அடுத்த வாரம் தைப்பூசம்.
ரதம் வரும் வழியில்
மறதியாய் நிறுத்திய கார்களை அப்புறப்படுத்தக்
காவல்துறை கூப்பிட்டது.
அங்கே ஓடுதளத்தில் ஒரு துண்டு கிடந்தாலும்
மஞ்சள் கொடி, எல்லாரும் மெதுவாக.
இங்கே சாலை முழுக்கத் தேங்காய்ச் சில்லு.
மெதுவாகச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.
ரதம் என்னைக் கடக்க முக்கால் மணி நேரம்.
என் வாழ்நாளில் நான் பார்த்த நீண்ட சுற்று.

மார்ச்சில் செப்ரிங்.
பழைய விமானத்தளம். கான்கிரீட் இணைப்புகளில்
அவர்கள் துள்ளத் துள்ள என் இடுப்பு வலிக்கும்.
கடைசி இருபது நிமிடம் இருக்கையில் அழைப்பு:
நடுப்பாலம், மைவி, பின்சக்கரம் வெடித்துவிட்டது.
இரவுப் பணி முடித்த தாதி நூர்லைலா
நான்கு நட்டுகளையும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு,
மாத்திரை தருவதுபோல்
ஒவ்வொன்றாய்த் திருப்பித் தந்தார்.
அங்கே அரை நிமிடத்தில் நான்கு சக்கரம்.
எனக்கு ஒன்றுக்குப் பதினான்கு நிமிடம்,
துருவையும் சேர்த்து.

லாரிக்குத் திரும்பினால் பந்தயம் முடிந்திருந்தது.
எழுபத்தொன்று கடைசிச் சுற்றில் எண்ணெய் தீர்ந்து புல்லில் நின்றது.
கேமரா வென்றவனைத் துரத்தியது.
திரையின் ஓரத்தில் மட்டும்
சுழலும் ஒரு மஞ்சள் விளக்கு,
கொக்கியைக் கையில் பிடித்து நடந்து வரும் ஓர் ஆள்.
உண்மையைச் சொன்னால்
இத்தனை நாள் நான் தேடிப் பார்த்தது அவனைத்தான்.
முகம் தெரிவதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

ஏப்ரலில் லாங் பீச். தூங்கிவிட்டேன்.
ஜூனில் டேட்டா தீர்ந்தது.
ஆகஸ்டில் தவமலருக்கு அறுவைச் சிகிச்சை.
மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில்
ஒரு மணி நேரம் பார்த்தேன்,
எந்த வண்டி எது என்றே தெரியவில்லை.
எழுபத்தொன்று எட்டாவது வந்ததாம்.
அவளும் கண் விழித்துவிட்டாள்.

அக்டோபர். ரோட் அட்லாண்டா. பருவத்தின் கடைசிப் பந்தயம்.
அங்கே நண்பகல்,
இங்கே நள்ளிரவும் மழையும்.
முதல் மணியிலேயே யாரோ இடித்து, மூக்கு நசுங்கி,
நாடா சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது எழுபத்தொன்று.
பதினொரு சுற்றுப் பின்னால்.
இனி வெல்ல வழியில்லை.
ஆனாலும் ஒவ்வொரு முறையும்
வேகமான வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு,
மறுபடி தன் கோட்டுக்கு வந்து,
ஒன்பது மணி நேரம்.

காலை பத்தே கால் இருக்கும்.
முதுகில் ஒரு வீராவை ஏற்றிக்கொண்டு பாலத்தில் போகிறேன்.
அதன் சொந்தக்காரர், ஜெலுத்தோங் அரிசிக் கடைக்காரர்,
பக்கத்து இருக்கையில் குறட்டை.
கைப்பேசியில் குரல் மட்டும்.
வென்றவர்கள் பெயரெல்லாம் சொல்லி ஓய்ந்த பிறகு,
ஏதோ நினைவு வந்தாற்போல
எழுபத்தொன்று என்றது.

ஹாரனை அழுத்தினேன். நீளமாக.
முன்னால் போன சிமெண்டு லாரி பயந்து வழிவிட்டது.
அரிசிக் கடைக்காரர் துள்ளி எழுந்தார்:
"என்ன, விபத்தா?"
"இல்லை, வந்து சேர்ந்துவிட்டது."
அவர் கழுத்தைத் திருப்பிப்
பின்னால் இருந்த தன் வண்டியைப் பார்த்தார்.